பட்டிப்பூ அவியலா, பட்டிப்பூ ஊசியா? புற்றுநோய்க்குத் தாவர மருந்தைத் தெரிவு செய்யும்போது

பயொப்சி முடிவு கைக்கு வருகிறது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ மருந்து ஏற்றத் தொடங்கும் திகதியும் குறித்துத் தருகிறார்கள். அந்தத் திகதிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். வீட்டுக்குள் ஆலோசனை குவிவது இந்த இடைவெளியில்தான். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிடி பட்டிப்பூ இலையோடு வருவார். கொழும்பிலிருந்து வருபவர் கட்டு அனோடா (முள் அன்னமுன்னா) இலை கொண்டு வருவார். கனடாவிலிருந்து மஞ்சள் கப்சியூல் போத்தல் வந்து சேரும். "உந்த ஊசி மருந்தை ஆள் தாங்காது, மூலிகையைக் குடுத்துப் பாருங்கோ" என்று சொல்ல எப்படியும் ஒருவர் இருப்பார்.

இந்தப் பேச்சு முழுவதும் ஒரு பிழையான பிரிவின் மேல் நிற்கிறது: வீட்டில் அவிப்பது தாவரம், வைத்தியசாலையில் ஏற்றுவது இரசாயனம் என்ற பிரிவு. வார்ட்டில் தொங்கும் பைகளில் கணிசமானவை செடியிலும் மரத்திலும் இருந்து வந்தவை. ஆகவே தாவரமா இல்லையா என்பதை விட்டுவிட்டு நாலு விஷயத்தைக் கேட்க வேண்டும். மனிதரில் சோதித்துப் பலன் கண்டதா? உடலுக்குள் போய்க் குருதியில் சேருகிறதா? ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கிடைக்கிறதா? ஏற்கெனவே ஏற்றுகிற மருந்தைக் குழப்புமா? கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்த நாலு கேள்வியால்தான் நிறுக்கிறோம்.

வார்ட்டில் இருக்கும் செடிகள்

பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணி, நம் வளவுகளிலும் கோயில் வீதிகளிலும் தானாக முளைத்துக் கிடப்பது. பூர்வீகம் மடகஸ்கார். 1950களில் கனடாவின் வெஸ்ரேர்ன் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் நோபிளும் சார்ள்ஸ் பீயரும் இதை ஆராயத் தொடங்கியது நீரிழிவுக்காக. யமேக்காவில் நீரிழிவுக்காரர் இந்த இலைத் தேநீரைக் குடிப்பதாக அவர்களுக்குத் தகவல் வந்திருந்தது. வாய்வழி கொடுத்த எலிகளில் சீனி அசையவில்லை. சாற்றை ஊசியாக ஏற்றியபோதோ எலிகளின் வெண்குருதிக் கலங்கள் சரிந்தன. வெண்குருதிக் கலங்களைக் குறைப்பது அந்தக் கலங்களில் வரும் புற்றுநோயையும் குறைக்கலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. வின்பிளாஸ்ரின் இப்படிப் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னால் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்ரின் வந்தது. 1963இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு இன்றும் அடிப்படையாகக் கொடுக்கும் மருந்துகளில் வின்கிரிஸ்ரினும் ஒன்று.

பக்லிரக்சல் பசுபிக் யூ மரத்தின் பட்டையில் இருந்து வந்தது. 1962இல் பட்டை சேகரித்தார்கள், 1971இல் அமைப்பை வெளியிட்டார்கள், 1992 டிசம்பரில்தான் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி. முப்பது வருடம். இப்போது மார்பு, சூலகம், நுரையீரல் என்று பலவற்றுக்குப் பயன்படுகிறது. பட்டைக்காக மரத்தைச் சாகடிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலையில் உள்ள ஒரு மூலப்பொருளிலிருந்து மீதியைத் தொழிற்சாலையில் கட்டி முடிக்கலாம். எற்றோபொசைட்டின் மூலம் மேயப்பிள் வேர். விரைப் புற்றுநோய்க்கும் ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்கும் அது. குடல் புற்றுநோய்க்கு ஏற்றும் இரினோரீக்கன், சீனத்து மரமொன்றில் கிடைத்த கம்ப்ரோதெசினின் வழிவந்தது. அந்தக் கம்ப்ரோதெசினை 1970களில் கிட்டத்தட்ட இயல்பான நிலையிலேயே மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பை இரத்தம் வடித்தது, சோதனை நின்றது. மூலக்கூறைத் திருத்தி, 1996இல் இரினோரீக்கனாகவும் ரொப்போரீக்கனாகவும் வந்தபிறகுதான் அது மருந்தானது. செடியில் இருப்பது போலவே கொடுப்பதுதான் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்திருப்பது நல்லது.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பது தெரிந்தால் பக்கவிளைவும் விளங்கும். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது உள்ளே பந்தல் போல மெல்லிய குழாய்களைக் கட்டி, நிறமூர்த்தங்களை இரண்டு பக்கமும் இழுத்து, பிறகு பந்தலைப் பிரிக்கும். வின்கிரிஸ்ரின் பந்தல் கட்ட விடாது. பக்லிரக்சல் கட்டின பந்தலைப் பிரிக்க விடாது. இரண்டிலும் கலம் நடுவழியில் நின்று சாகும். வேகமாகப் பிரிவது புற்றுக்கலம் மட்டுமல்ல. மயிர்வேரும் வாயின் உட்தோலும் எலும்பு மச்சையும் வேகமாகப் பிரிபவைதான். நரம்போ பிரிவதில்லை, ஆனாலும் முதுகிலிருந்து பாதம்வரை பொருட்களைக் கடத்த அதே குழாய்கள்தான் அதற்கு வேண்டும். கைகால் விறைப்பு வருவது இதனால்.

அளவு என்றால் எந்தளவு அளவு

அவியலுக்கும் ஊசிக்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரியும், ஆகவே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஊசி மருந்தை ஆளின் உடற்பரப்புக்குக் கணிக்கிறார்கள். உயரத்தைச் சென்ரிமீற்றரிலும் நிறையைக் கிலோவிலும் பெருக்கி, 3600ஆல் பிரித்து, வர்க்கமூலம் எடுப்பது. 160 சென்ரிமீற்றர், 58 கிலோ என்றால் 1.6 சதுரமீற்றர். மூன்று கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் பக்லிரக்சல் சதுரமீற்றருக்கு 175 மில்லிகிராம், இவருக்கு 280. இதே ஆள் சாப்பாடு இல்லாமல் 48 கிலோவுக்கு இறங்கினால் பரப்பு 1.46, மருந்து 255. ஒவ்வொரு கிளினிக்கிலும் தராசில் ஏற்றுவது இதற்காகத்தான். செருப்போடும் கைப்பையோடும் ஏற வேண்டாம்.

வின்கிரிஸ்ரின் இன்னும் நுணுக்கம்: சதுரமீற்றருக்கு 1.4 மில்லிகிராம், வளர்ந்தவர்களுக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் நரம்பு தாங்காது. ஒரு மணி அரிசியின் பாரம்கூட இல்லை இந்த மருந்து.

இப்போது பட்டிப்பூ அவியலை வையுங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்ரின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பது இத்துறையில் வழமையாகச் சொல்லும் கணக்கு. சதுரமீற்றருக்கு 6 மில்லிகிராம் என்று பார்த்தால் நம் ஆளுக்கு ஒரு தடவைக்குப் பத்து மில்லிகிராம் அளவில் போகும். அதற்குக் காய்ந்த இலையே 5 கிலோ. வின்கிரிஸ்ரின் இலையில் இதைவிடவும் அரிது. ஒரு பிடி பச்சை இலையை நாலு கோப்பைத் தண்ணியில் அவித்தால் கிடைக்கும் அளவைச் சொல்லத் தேவையில்லை. கிடைத்ததும் குடல் வழியாக ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. ஊசியாகவே கொடுப்பதற்குக் காரணம் அது.

பலன் இல்லை, சரி, தீங்காவது இல்லையே என்று கேட்கலாம். தீங்கு உண்டு. அந்த இலையில் அல்கலொயிட்டு எனப்படும் வீரியமான சேர்மங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. புற்றுக்குரிய இரண்டும் துளியளவு, மற்றவை தாராளம். அவற்றில் குருதியழுத்தத்தை இறக்குவதும் உண்டு. கீமோவுக்குப் பிறகு வாந்தியெடுத்து, சாப்பிடாமல் கிடக்கும் ஆளுக்கு அழுத்தம் இறங்கினால் கிணற்றடியில் விழுவார். ஏற்கெனவே வின்கிரிஸ்ரின் ஏறுகிற ஆள் அவியலையும் குடித்து, விறைப்போ வாந்தியோ கூடினால், எதனால் என்று டொக்டருக்குப் பிரித்தறிய வழியில்லை. நல்ல மருந்தைக் குறைத்துவிடவும் கூடும். நிறுக்கிற நாலு கேள்வியிலும் தோற்ற தெரிவு இது. செடி வாசலில் பூத்துக் கிடக்கட்டும், அடுப்பில் வேண்டாம்.

முள் அன்னமுன்னா

கட்டு அனோடா என்று சிங்களத்தில் சொல்வது நம் முள் அன்னமுன்னா, முள்ளுச்சீத்தா. "கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு" என்ற வாசகத்தோடு வருடக்கணக்காகக் கைபேசிகளில் சுற்றுகிறது. அந்தப் பெருக்கல் ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலங்களில், ஒரு குறித்த சேர்மத்தை நேரடியாக ஊற்றி அளந்ததில் இருந்து வந்தது. தட்டில் உப்புத் தண்ணீரைக் கூட்டி ஊற்றினாலும் புற்றுக்கலம் சாகும். மனிதரில் புற்றுநோயைக் குறைத்தது என்று ஒழுங்கான ஒப்பீட்டுச் சோதனை எதுவும் காட்டவில்லை.

இதை நாம் பட்டிப்பூவைவிட மோசமாக மதிப்பிடுவதற்குக் காரணம் அதிலுள்ள அனோனசின். கலத்தின் சக்தி உற்பத்தியை நிறுத்தும் பொருள் அது, நரம்புக் கலங்களையும் விட்டுவைக்காது. கரிபியனில் உள்ள குவாடலூப் தீவில் வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒருவகை நடுக்குவாத நோய் அதிகமாக இருப்பதையும், இந்த இனப் பழத்தையும் இலைத் தேநீரையும் அங்குள்ளவர்கள் நிறையப் பயன்படுத்துவதையும் 1999இல் ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தினார்கள். எலிகளுக்கு அனோனசினைத் தொடர்ந்து ஏற்றியபோது மூளையில் சேதம் தெரிந்தது. பக்லிரக்சலால் ஏற்கெனவே விரல் விறைத்திருக்கும் ஆளுக்கு நரம்பைத் தொடும் இன்னொன்றை நாளுக்கு மூன்று கோப்பை கொடுப்பதை யோசித்துப் பாருங்கள். எப்போதாவது ஒரு பழத்தை உண்பதைப் பற்றி நாம் பேசவில்லை. இலையைக் காய்ச்சி மாதக்கணக்கில் குடிப்பதுதான் ஆகாது.

மஞ்சள்: கறியில் ஒன்று, போத்தலில் வேறொன்று

மஞ்சளைப் பற்றி வந்த ஆய்வுகள் ஆயிரக்கணக்கு. ஆனாலும் அதிலுள்ள முக்கிய சேர்மமான குர்குமின் ஒரு புற்றுநோய் மருந்தாக எங்கும் அனுமதி பெறவில்லை. தடை உறிஞ்சலில். குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சும், உறிஞ்சியதையும் ஈரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். கணையப் புற்றுநோய்க்காரருக்கு நாளுக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனை உண்டு; குருதியில் அளந்தபோது மிகக் குறைவாகவே இருந்தது. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 வீதம் என்று வைத்தால் அந்த 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள் ஒரு நாளைக்கு வேண்டும். கறிக்குப் போடும் ஒரு தேக்கரண்டியில் கிடைப்பது நூறு மில்லிகிராமுக்குள். ஆகவே கறி மஞ்சளால் நோய் மாறாது, கறி மஞ்சளால் மருந்தும் குழம்பாது. போடுங்கள், வழக்கம் போல.

போத்தல் வேறு. உறிஞ்சல் குறைவு என்ற தடையைத் தாண்டுவதற்காக அதில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் வந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுக்க, குருதியில் சேர்ந்தது இருபது மடங்களவு கூடியது. லேபலில் பெரிதாகப் போடுவது அதைத்தான். பைப்பரின் அதைச் செய்வது எப்படி என்பதை லேபல் சொல்லாது: ஈரலிலும் குடலிலும் அந்நியப் பொருட்களை உடைக்கும் நொதியங்களை அது தடுக்கிறது. வின்கிரிஸ்ரினையும் பக்லிரக்சலின் உறவான டோசிரக்சலையும் உடைப்பதும் அந்த வகை நொதியங்கள்தான். உடைக்கும் வேகம் குறைந்தால் 2 மில்லிகிராம் ஏற்றியது உடம்புக்கு 3 மில்லிகிராம் ஏற்றியது போலாகலாம். மறுபக்கம் மார்புப் புற்றுநோய்க்குத் தமொக்சிபன் குளிசை போடுபவர்களில் குர்குமினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, அதன் செயற்படு வடிவம் குருதியில் 8 வீதமளவு குறைந்தது. பைப்பரினும் சேர்ந்தபோது 12 வீதமளவு. வருடக்கணக்கில் போடும் குளிசையில் இந்த இழப்பை எதற்காக ஏற்க வேண்டும்? மஞ்சள் கப்சியூலால் ஈரல் அழற்சி வந்த ஆட்களும் பதிவாகியிருக்கிறார்கள். கீமோ நடக்கும்போது ஈரல் சோதனை ஏறினால் அடுத்த சுற்றுத் தள்ளிப் போகும்.

எங்கள் முடிவு: கறியில் மஞ்சள் ஆம், மிளகு ரசம் ஆம், போத்தல் இல்லை. அனுப்பிய பெரியப்பாவின் மனம் நோகும் என்று வைத்திருக்கத்தான் வேண்டுமென்றால் மருத்துவம் முழுக்க முடியும்வரை அலுமாரியில் இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் மற்றப் போத்தல்களில் இரண்டைப் பெயர் சொல்லியே தள்ள வேண்டும். மனச்சோர்வுக்கென்று விற்கும் சென் ஜோன்ஸ் வோர்ட் மூலிகை முதலாவது. இரினோரீக்கன் ஏற்றியவர்களுக்கு அதையும் கொடுத்துப் பார்த்ததில், மருந்தின் வேலை செய்யும் பகுதி குருதியில் 42 வீதம் குறைந்தது. பாதி மருந்தை வீதியில் ஊற்றியதற்குக் கிட்டத்தட்டச் சமம். இரண்டாவது பி17 என்ற பெயரில் வரும் அப்ரிகொட் விதை. அது விற்றமின் அல்ல, அமிக்டலின். குடலில் உடைந்து சயனைட் விடும். மரவள்ளிக் கிழங்கைத் திறந்து அவித்து அந்தத் தண்ணியை ஊற்றவேண்டும், இஞ்சியோடு சேர்க்கக்கூடாது என்று நம் ஆச்சிமார் பயந்தது எந்த நஞ்சுக்கோ, அதே நஞ்சு. 1982இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 178 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் மாறவில்லை, ஆயுள் நீடிப்பும் இல்லை, சிலரின் குருதியில் சயனைட் ஆபத்தான அளவை நெருங்கியது.

சித்த வைத்தியரிடம் போவது

இதை ஒரே வரியில் ஓம் என்றோ இல்லை என்றோ முடிக்க முடியாது. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். பெட்டிக்கடையில் பொடி கட்டித் தருபவரையும் அவர்களையும் ஒன்றாக வைக்கக் கூடாது. பசியின்மை, நித்திரையின்மை, உடல் அலுப்பு போன்றவற்றுக்கு அவர்களிடம் போகலாம். கட்டியைக் கரைப்பதற்கென்று போவதும், கரையும் வரை கீமோவை நிறுத்தச் சொல்பவரை நம்புவதும் வேறு.

போனால் மருந்தின் சரக்குகளை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும். பாதரசம், பாஷாணம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதுவும் கீமோ காலத்தில் வேண்டாம். சிறுநீரகமும் ஈரலும் ஏற்கெனவே சுமை தூக்குகின்றன. சேங்கொட்டை சேர்ந்த இலேகியம் புற்றுக்கென்று பேர்போனது, சரியாகச் சுத்தி செய்யாவிட்டால் தோலும் வாயும் கொப்பளிக்கும். ஆடுதீண்டாப்பாளையும் பெருமருந்துக்கொடியும் சேர்ந்தது எதையும் வாயில் வைக்காதீர்கள். அவற்றின் இனத்திலுள்ள அரிஸ்ரலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்குவதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையே உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்கென்று மூலிகை எடுத்த பெண்களில் அது வெளிப்பட்டது. தாவரம் என்றால் தீங்கில்லை என்பவருக்கு இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. வெற்றிலைத் தட்டத்தில் இருக்கும் பாக்கும் தாவரம்தான். இந்நாட்டு ஆண்களில் முன்னணியில் நிற்கும் வாய்ப் புற்றுநோய்க்கு அந்தத் தட்டத்தின் பங்கு பெரிது.

கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிக் கிழங்கு வகையொன்று சேர்ந்த குடிநீர் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இலங்கை ஆய்வாளர்களே அதை எலிகளில் சோதித்து, இரசாயனத்தால் தூண்டிய ஈரல் புற்றுநோயை அது மட்டுப்படுத்தியதாக எழுதியிருக்கிறார்கள். நேர்மையான ஆய்வு. ஆனால் எலியில் வராமல் தடுத்ததும் மனிதரில் வந்ததை மாற்றுவதும் ஒன்றல்ல. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 தொடக்கம் இருபது வருடத்துக்கு மேலாக ஏறத்தாழ 35,000 தாவர மாதிரிகளை வடித்துப் பார்த்தது. அந்த வலையில் பெரிய மீனாக மாட்டியவை பக்லிரக்சலும் கம்ப்ரோதெசினும் போன்ற ஒரு சிலதான்.

சமையலறையில் எதை வைத்திருக்கலாம்

இஞ்சி. கீமோ காலத்தில் வீட்டில் கொடுப்பவற்றில் மனிதரில் ஒழுங்காகச் சோதித்துத் தேறியது இது, அதுவும் புற்றுக்கு அல்ல, குமட்டலுக்கு. 576 நோயாளரை வைத்து 2012இல் வந்த ஆய்வில், வைத்தியசாலைக் குமட்டல் மருந்தோடு நாளுக்கு அரைக் கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. ஒரு கிராம் வேர்க்கொம்புத் தூள் என்பது அரைத் தேக்கரண்டி அளவு. கீமோவுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். வாந்தி வந்தபிறகு பிழிந்து கொடுப்பது அதே பலனைத் தராது. குருதி உறையாமல் மருந்து எடுப்பவரும் குருதிச் சிறுதட்டு இறங்கியவரும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

பப்பாசி இலைச்சாறு சிறுதட்டை ஏற்றும் என்று டெங்குக் காலத்தில் பழகியதை இங்கேயும் கொண்டு வருகிறார்கள். டெங்குவில் சிறுதட்டு தானாகவே ஏழெட்டு நாளில் ஏறும். கீமோவில் எலும்பு மச்சை எழும்பினால்தான் ஏறும். அதைவிட, கிணற்றுத் தண்ணி விட்டு அரைத்த பச்சைச் சாறு வெண்குருதிக் கலம் இறங்கிய ஆளுக்குக் கிருமியை நேரே ஊட்டுவது. அப்படி இறங்கியிருக்கும் நாட்களில் கொதித்தாறிய தண்ணீர், சமைத்த கீரை, தோலுரித்த பழம். வல்லாரைச் சம்பலும் பச்சையாக வேண்டாம், வறையாகச் செய்யுங்கள். ஜம்போலாவும் அதன் இனப் பெரிய தோடைகளும் பைப்பரின் செய்யும் அதே தடுப்பைச் செய்பவை. தேசிக்காயும் சாதாரணத் தோடம்பழமும் பரவாயில்லை.

ஊசி மருந்தைத் தெரிவு செய்தால் எங்கே சறுக்கும்

வைத்தியசாலைத் தெரிவும் பூப்போட்ட பாதையல்ல. வழக்கமாகச் சறுக்கும் இடங்களைச் சொல்லாமல் ஒப்பீடு நேர்மையாகாது.

பக்லிரக்சல் தண்ணீரில் கரையாது. கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவம் சேர்க்கிறார்கள். ஒவ்வாமை பெரும்பாலும் அந்தத் திரவத்தால்தான், அதுவும் முதல் பத்து நிமிடத்தில்: முகம் சிவக்கும், மூச்சு இறுகும். இதைத் தடுக்கத்தான் முதல்நாள் இரவும் அன்று காலையும் டெக்சாமெதசோன் குளிசை போடச் சொல்வது. சில இடங்களில் அதை ஊசியாகவே போடுவார்கள். குளிசை போட மறந்தால் மறைக்காமல் தாதியிடம் சொல்லுங்கள், ஏசினாலும் பரவாயில்லை. நீரிழிவு இருந்தால் அந்தக் குளிசையால் இரண்டு மூன்று நாள் சீனி ஏறும், முதலே கேட்டு வையுங்கள்.

வின்கிரிஸ்ரின் நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசை வேகும். ஏறும்போது கை எரிந்தால், கொஞ்சம் பொறுப்போம் என்று இருக்கவே கூடாது. சில மருந்துக்குச் சூடும் சிலதுக்குக் குளிரும் கொடுப்பார்கள், வின்கிரிஸ்ரினுக்குச் சூடு. ஆகவே வீட்டுக்கு வந்து ஐஸ் வைப்பதும் எண்ணெய் போட்டு உரசுவதும் கெடுக்கும். இந்த மருந்து குடலையும் மந்தமாக்கும். மூன்று நாள் வெளிக்குப் போகாவிட்டால் சொல்ல வேண்டும். அதற்குத் தரும் சென்னா குளிசை நம் நிலாவாரைதான், அதுவும் தாவரமே, அளந்த அளவில். சட்டைப் பொத்தான் பூட்ட முடிகிறதா, நடக்கும்போது செருப்பு காலில் நிற்கிறதா என்று கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். முடியவில்லை என்றால் அளவைக் குறைக்க வேண்டும். பிந்திச் சொன்னால் விறைப்பு நிலைத்துவிடும்.

இரினோரீக்கனில் வயிற்றோட்டம். அதை நிறுத்தும் லொப்பரமைட் குளிசை எப்போது, எத்தனை என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். மாதுளம் ஓட்டை அவித்துப் பார்ப்போம் என்று ஒரு நாள் கழித்தால் உடலின் தண்ணீர் வற்றி மயக்கம் வரும்.

எல்லாவற்றிலும் பெரியது காய்ச்சல். மருந்து ஏற்றி ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில் வெண்குருதிக் கலம் மிகக் குறைந்து கிடக்கும். வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். 38 பாகை செல்சியசைத் தொட்டால் இரவு இரண்டு மணி என்றாலும் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஏறிவிட வேண்டும், அந்த வண்டிக்குக் காசில்லை. அளக்க முன் பனடோல் போடாதீர்கள், காய்ச்சலை மறைக்கும். கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு விடிய யோசிப்போம் என்பதுதான் தடுத்திருக்கக்கூடிய மரணத்துக்கான வழி.

இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தவர்களுக்கு என்ன நடந்தது

பரவாத, மாற்றக்கூடிய புற்றுநோய் இருந்தும் வேறு வைத்தியத்தை மட்டும் தெரிவு செய்த 281 பேரை, வழமையான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் 2018இல் ஓர் ஆய்வு வந்தது. மரண ஆபத்து இரண்டரை மடங்கு. மார்புப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்தரை மடங்குக்கு மேல். மார்பில் வித்தியாசம் பெரிதாக இருப்பதற்குக் காரணம், அங்கே சிகிச்சை நன்றாக வேலை செய்வது. இழப்பதற்கு அதிகம் இருக்கிறது. "மூன்று மாதம் மூலிகையைப் பார்ப்போம், சரிவராவிட்டால் பெரியாஸ்பத்திரி" என்ற நடுவழி இதனால்தான் நடுவழியல்ல. மூன்று மாதத்தில் வெட்டி எடுக்கக்கூடிய கட்டி வெட்ட முடியாததாகலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் குடிக்கும் எல்லாவற்றையும், தேநீர் உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். போத்தலையே கொண்டு போனால் இன்னும் நல்லது. ஏசுவார்கள் என்ற பயத்தில் மறைப்பவர்கள் அதிகம். மறைத்தால், ஈரல் சோதனை ஏறும்போது டொக்டர் குறைப்பது நல்ல மருந்தைத்தான்.

மாற்றும் சிகிச்சை இனி இல்லை என்று சொல்லப்பட்ட வீட்டில் தெரிவு வேறு. அப்போதுதான் எல்லா இலையும் வேரும் மீண்டும் படியேறும். அந்த வேளையில் உறுதியாக வேலை செய்யும் தாவரச் சேர்மம் ஒன்று இருக்கிறது: அபின் செடியின் மோர்பின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுக்கப்பட்டது. நோவுக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நோவு வர முன்பே கொடுக்க வேண்டும். வந்தபிறகு துரத்தினால் கூடுதல் அளவு வேண்டிவரும். பழகிவிடும் என்று பயந்து பாதியைக் கொடுப்பவர்கள் ஆளை நோவோடு வைத்திருக்கிறார்கள். தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருந்து குறையும். நடு இரவில் எழுப்பிக் கொடுக்க வேண்டாமென்றால் படுக்கும்போது இரட்டிப்பாகக் கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அப்படித்தான் எழுதித் தருவார்கள், ஆளும் வீடும் விடியும்வரை தூங்கலாம்.